அன்றாட ஆங்கிலமும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் ஏறி நின்றுகொண்டு ஆங்கிலத்தைப் பற்றிப் பேச முனைந்தால், முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. திருக்குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசக் கற்றறிந்த சான்றோர் நம் சங்கத்தில் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிக்க வந்த நமக்கு அத்துறையில் புகத் துணிவில்லை. ஆங்கிலத்தைப் பற்றிப் பேச மட்டும் என்ன தகுதி என்று கேட்கலாம். அம்மொழியிடம் அகப்பட்டு விழித்தவர்கள் என்பதுதான் தகுதி. இருபது ஆண்டுகளாக நாள்தோறும் ஆங்கிலத்தில் எழுதி வந்தும், எதிரே ஒருவர் நின்று நான்கு வார்த்தைகளை வேகமாகப் பேசிவிட்டால் திகைத்து நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

செயற்குழுவினர் இந்தப் பொருளை நமக்கு அளித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, சங்கத்து நூலக அறைக்கு ஓர் அம்மையார் வந்தார். அவருடைய கணவர் வண்டியில் கார்டாகப் பணிபுரிகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களைக் காட்டிலும் ரன்னிங் ரூமில் இருக்கும் நாட்களே மிகுதி. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பெற்றோர் கூட்டம். "அம்மா, நீ வர வேண்டாம். அப்பா வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பெண் சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டதற்கு, "மிஸ் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், உனக்கு ஒன்றும் தெரியாது" என்றாளாம். அம்மையார் இதைச் சொல்லும்பொழுது அழவில்லை. "அண்ணா, அந்த இங்கிலீஷ் எத்தனை நாளில் வரும்?" என்று மட்டும் கேட்டார்.

நமக்கு விடை கூறத் தெரியவில்லை. எந்த ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுப்பது என்பதே விளங்கவில்லை. ஏனெனில் ஆங்கிலம் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு. ஒன்று, நாம் அலுவலகத்தில் எழுதுவது. 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று தொடங்கி, 'கைண்ட்லி டூ தி நீட்புல்' என்று முடியும் ஆங்கிலம் அது. விடுப்பு விண்ணப்பம், விளக்கக் கடிதம், பயணப்படிப் பட்டியல் ஆகிய யாவும் அதில் அடக்கம். மற்றொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவோ வீட்டுமொழியாகவோ கொண்டவர்கள் சமையலறையிலும் தெருவிலும் தொலைபேசியிலும் பேசுவது. முதலாவதில் நாம் சூரர்கள். இரண்டாவதில் எழுத்தறியாதவர்கள்.

இதற்கு நாம் மட்டும் பொறுப்பல்ல. இந்த வங்க நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காள மாணவர்களுக்கு முதலில் வேண்டியது வாசிப்பே என்று 1926இல் ஒரு நூலில் வாதிட்டார். பேசும் வாய்ப்பு இல்லாத பிள்ளைகளுக்குப் பேச்சைக் கற்பித்து என்ன பயன் என்பது அவர் கருத்து. அக்காலத்துக்கு அது நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கண்ணால் கற்ற மொழி காதில் விழும்பொழுது அடையாளம் தெரிவதில்லை. 'வாட் டூ யூ வான்ட்' என்று நான்கு சொற்களாகப் படித்தவன் காதில் அது 'வாட்யவான்ட்' என்று ஒரே சொல்லாக விழுந்தால், அவன் எந்த அகராதியில் போய்த் தேடுவான்?

கரக்பூருக்குக் காதால் கற்கும் வழி ஒன்று முன்பு இருந்தது. பெங்கால் நாக்பூர் இரயில்வே காலத்தில் ஓட்டுநர்களாகவும் கார்டுகளாகவும் போர்மன்களாகவும் ஆங்கிலோ இந்தியர் பலர் இவ்வூரில் வாழ்ந்தனர். அவர்கள் வீட்டில் பேசியதே ஆங்கிலம். பக்கத்துக் குவார்ட்டர்சில் குடியிருந்த நம் முன்னோர்களுக்கு அது வேலியைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் போகாத பிட்டர்கள்கூட 'வாட் மேன், கம் ஆன் மேன்' என்று சரளமாகப் பேசினார்கள் என்று ஓய்வு பெற்ற பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1947க்குப் பின் அக்குடும்பங்களில் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. வேலிக்கு அப்பாலிருந்து வந்த பேச்சும் குறைந்துபோயிற்று. பைலில் இருந்த ஆங்கிலம் மட்டும் நம்மிடம் தங்கிற்று.

நிற்க. நம் நண்பர் ஒருவரின் அனுபவத்தைக் கேளுங்கள். புதிதாக வந்த அதிகாரியிடம் ஒரு கணக்கை விளக்கச் சென்றார். மெல்லிய குரலில் சொன்னார் போலும். அதிகாரி காதைச் சற்றுச் சாய்த்து, 'கம் அகெயின்?' என்றார். நண்பர் பணிவுடன், 'எஸ் சார்' என்று கூறி வெளியே வந்துவிட்டார். மாலை நான்கு மணிக்கு மறுபடியும் சென்றார். கணக்கைச் சொன்னார். மீண்டும் 'கம் அகெயின்?' என்ற கேள்வி. நண்பர் மறுநாள் காலையும் சென்றார்! 'என்ன சொன்னீர்கள், மறுபடி சொல்லுங்கள்' என்பதற்கு அப்படி ஒரு தொடர் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாம் சிரிக்கிறோம். அவரும் இப்பொழுது சிரிக்கிறார், இக்கூட்டத்திலேதான் இருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

இரயில்வேக்காரர்களாகிய நமக்கு இதில் வியப்பே இருக்கக் கூடாது. நம் தொழிலில் 'பிஷ் பிளேட்'டில் மீன் இல்லை. 'டாக் ஸ்பைக்'கில் நாயும் இல்லை. தண்டவாளங்கள் இரண்டை இணைக்கும் பட்டைக்கு அப்பெயர் கப்பலிலிருந்து வந்தது. பாய்மரம் விரிசல் கண்டால் வலுவுக்காக வைத்துக் கட்டும் கட்டையை மாலுமிகள் 'பிஷ்' என்றனர். 'லைட் இஞ்சின்' என்றால் எடை குறைந்த இஞ்சின் அன்று. பெட்டிகள் இன்றித் தனியே ஓடும் இஞ்சின். மலைச்சரிவில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும் 'பாங்க்கர்' இஞ்சினுக்கும் வட்டிக் கடைக்கும் தொடர்பு இல்லை. இவற்றை நாம் யாரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. பொருளைக் கண்ணால் கண்டோம், பக்கத்தில் நின்றவன் பெயர் சொன்னான், பதிந்துவிட்டது. 'அவுட் ஆப் ஸ்டேஷன்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதிலுள்ள ஸ்டேஷன் நம் இரயில் நிலையமே அன்று. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளை அதிகாரிகள் தங்கியிருந்த ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். அதை விட்டு வெளியே போனவர் 'அவுட் ஆப் ஸ்டேஷன்'. இரயில் வந்தது பின்னால்தான்!

ஆங்கிலத்தில் கடினமான சொற்கள் எவை என்று கேட்டால், நீளமான சொற்களைக் காட்டுவோம். அது தவறு. நீளமான சொல் எந்த இடத்திலும் பெரும்பாலும் ஒரே பொருளைத் தரும். அகராதியில் பார்த்தால் தீர்ந்தது. நம்மைக் கவிழ்ப்பவை மூன்றெழுத்துச் சொற்களும் நான்கெழுத்துச் சொற்களுமே. 1930இல் ஆக்டன் என்னும் அறிஞர், 850 சொற்களைக் கொண்டு ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. 'கம், கோ, கெட், கிவ், புட், டேக்' முதலியவை. பார்த்தால் எளிது, ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 'புட்' என்ற சொல்லை எடுங்கள். 'புட் ஆன்' என்றால் உடுத்துவது. 'புட் ஆப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' என்றால் விளக்கையோ நெருப்பையோ அணைப்பது. 'புட் த்ரூ' என்றால் தொலைபேசியில் இணைப்பது. 'புட் அப்' என்றால் நம் அலுவலகத்தில் பைலை அதிகாரி முன் வைப்பது. வெளியே ஒருவரை வீட்டில் தங்கவைப்பது. அதோடு 'வித்' என்ற ஒரு சிறு சொல் சேர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்வது. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூன்றும் சேர்ந்தால் என்னவென்று தெரியாது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கோணல் என்று எண்ண வேண்டாம். எங்கள் வரிசையில் குடியிருக்கும் வங்காளி அன்பர் ஒருவர் தமிழ் கற்க ஆசைப்பட்டார். 'போடு' என்றால் என்ன என்றார். கீழே போடுவது என்றோம். மறுநாள் வந்து, "உங்கள் வீட்டம்மாள் வாசலில் கோலம் போடுகிறார், பையன் கணக்குப் போடுகிறான், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், பூனை குட்டி போடுகிறது, பக்கத்து வீட்டில் சண்டை போடுகிறார்கள், இத்தனையும் கீழேயா விழுகின்றன?" என்று கேட்டார். 'அடி' என்ற சொல்லுக்கு வந்தபொழுது நிலைமை இன்னும் மோசமாயிற்று. வெயில் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, திண்ணையில் அரட்டை அடிக்கிறார்கள்! தமிழர்கள் இவ்வளவு முரடர்களா என்று அவர் கேட்டதில் குறும்பு இருந்தாலும் குழப்பமும் இருந்தது. நமக்கு இவை ஒருநாளும் குழப்பமாகத் தோன்றியதில்லை. காரணம், 'கோலம்' ஒரு சொல், 'போடு' ஒரு சொல் என்று நாம் தனித்தனியே கற்கவில்லை. மார்கழிக் காலையில், ஈர வாசலில், மாவுக் கிண்ணத்தோடு சேர்த்து முழுத் தொடராகவே கற்றோம்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வேடிக்கை மட்டுமே விளையும் என்றால் இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. இனி எம் சொந்த வீட்டுச் செய்தியைச் சொல்கிறோம். 2016ஆம் ஆண்டு, மனைவியாருக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை நடந்தது. வெளியூர் மருத்துவமனை, இரவு இரண்டு மணி. கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவர் இளைஞர், தென்னாட்டு முகம் என்று கண்டு இந்தியை விட்டு ஆங்கிலத்தில் பேசினார். 'இட் வாஸ் டச் அண்ட் கோ. பட் ஷீ ஹஸ் புல்ட் த்ரூ' என்று கூறித் தோளைத் தட்டிவிட்டு விரைந்து போய்விட்டார். அவர்மீது குறை ஒன்றும் இல்லை. நல்ல செய்தியைத்தான் சொன்னார்.

நமக்கு எட்டியவை இரண்டே சொற்கள். 'கோ' என்றால் போவது. 'புல்' என்றால் இழுப்பது. தமிழிலே போய்விட்டார் என்றால் என்ன பொருள், இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கே மேசையருகில் தாதிமார் இருவர் இருந்தனர். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிற மனிதன் மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வான்? அந்த வேளையிலும் அந்த வெட்கம் விடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அப்படியே கழிந்தது. பின்னர் வாளியும் துடைப்பமுமாக வந்த ஓர் ஆயா, எம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே உள்ளே போய்ப் பார்த்து வந்து, 'டீக் ஹை பாய், ஸோ ரஹீ ஹை' என்றார். நலமாக இருக்கிறார், தூங்குகிறார் என்றார்.

'டச் அண்ட் கோ' என்றால் இதுவோ அதுவோ என்று நூலிழையில் தொங்கிய நிலை. 'புல்ட் த்ரூ' என்றால் பிழைத்தெழுந்துவிட்டார் என்பது. இவ்விரண்டையும் நாம் இனி மறக்கப் போவதில்லை. காலனியில் வேறு எவரும் இவற்றை அப்படிக் கற்க வேண்டாம் என்பதற்காகவே, தயக்கத்தை ஒதுக்கிவைத்து, மேடையில் சொல்லிவிட்டோம்.

ஆங்கிலேயன் நம் மொழியைக் கற்றபொழுது இந்த வெட்கம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நம் மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' என்றான். சுருட்டைச் 'செரூட்' என்றான். கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்றான். சமையற்காரன் வாயிலிருந்தும் கடற்கரையில் படகோட்டி வாயிலிருந்தும் காதால் வாங்கி, நாக்கு வளைந்தவரை சொல்லி, அதையே தன் நூலிலும் எழுதிவைத்துக்கொண்டான். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல் என்பவரும் ஹென்றி யூல் என்பவரும் இத்தகைய சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் பெரிய அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். மிளகுத்தண்ணீர் என்று சரியாகச் சொல்ல வராததற்காக எந்தத் துரையாவது தலைகுனிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் தாய்மார்களையே பாருங்கள். திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மணமாகி வந்து, ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்த நம் நடைமேடையில் இறங்கியபொழுது, அவர்களில் பலருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. வங்காளியோ சொல்லவே வேண்டாம். ஆறு மாதத்தில் கோல் பஜாரில் கத்தரிக்காய்க்காரனோடு பேரம் பேசி, தராசைப் பார்த்து, 'டீக் சே தோலோ' என்று அதட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆண்பாலும் பெண்பாலும் முன்பின்னாக இருக்கும். அதைப் பற்றிக் கத்தரிக்காய்க்காரனுக்குக் கவலையில்லை, அவர்களுக்கும் இல்லை. எந்தப் பாடப்புத்தகம் படித்தார்கள்? ஒவ்வொரு தொடரையும் அது பிறந்த இடத்திலேயே, பையும் காசும் கையிலிருக்கப் பெற்றுக்கொண்டார்கள். அலுவலகத்தில் இலக்கணப் பிழைக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்கும் நம்மைவிட அவர்களே மொழி கற்கத் தெரிந்தவர்கள். நூலக அறைக்கு வந்த அம்மையாருக்கு இதைத்தான் கடைசியில் சொன்னோம். "இந்தியை எப்படிக் கற்றாயோ, அம்மா, அப்படியே இதையும் கற்கலாம்" என்றோம். அவர் நம்பவில்லை. "அது காய்கறி, இது டீச்சர்" என்றார். அதுவும் சரிதான்.

அன்று தொடங்கியதே ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு. வகுப்பு என்று சொல்வது மிகை. பாயில் அமர்ந்து பேசுவதுதான். வாரத்துக்கு ஐந்தே தொடர்கள். குறிப்பேடு முதல் அரைமணி நேரத்துக்குத் திறக்கப்படாது. ஒருவர் டீச்சர், ஒருவர் தாய். ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் நோயாளி. முதல் ஞாயிறன்று சொல்லிக்கொடுத்தது, 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்' என்பது. வண்டியைப் பிடிப்பதற்கும் 'கேட்ச்', சொன்னதைப் பிடிப்பதற்கும் 'கேட்ச்' என்றவுடன் நம் தாய்மார்களுக்குப் பளிச்சென்று விளங்கிற்று. வண்டி தவறினால் வெட்கப்படுவோமா? அடுத்த வண்டி எப்பொழுது என்று கேட்கமாட்டோமா?

இரண்டொரு எச்சரிக்கைகளும் வேண்டும். நம் மொழியில் நீ, நீங்கள் என்று மரியாதை வெளிப்படையாகத் தெரியும். ஆங்கிலத்தில் எல்லார்க்கும் 'யூ' தானே என்று எண்ணி ஏமாறக் கூடாது. அங்கே மரியாதை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நண்பனிடம் 'கேன் யூ' என்பதைப் பெரியவரிடம் 'குட் யூ' என்கிறார்கள். 'ஹாய்' என்பதும் 'யா' என்பதும் வகுப்புத் தோழியிடம் சரி. தலைமை ஆசிரியரிடம் சரியன்று. அதேபோல், 'வாட் ஈஸ் யுவர் குட் நேம்' என்று நாம் கேட்பது 'சுப் நாம்' என்ற இந்தித் தொடரின் நிழல். ஆங்கிலேயருக்கு அது புதிராகப் படும், கெட்ட பெயர் ஒன்றும் உண்டோ என்று நினைப்பார். நாட்டிற்குள் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். எம் மகன் தன் தோழனுக்கு அனுப்பிய செய்தியில் 'மை பேட்' என்று இருந்தது. 'பேட்' என்பது பெயருரிச்சொல்; அதன்பின் பெயர்ச்சொல் எங்கே என்று சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டோம். 'என் தவறுதான்' என்பதை இக்காலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவன் பொறுமையாக விளக்கினான். நாம் நாள்தோறும் திறந்து பார்க்கும் 'வாட்ஸ்அப்' என்ற பெயரே, 'என்ன சேதி?' என்று பொருள்படும் 'வாட்'ஸ் அப்?' என்ற பேச்சுத் தொடரின்மேல் செய்த சிலேடை என்றும் அவனே சொன்னான். நமக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் இத்தகைய தொடரைச் சொன்னால், திருத்தாமல், என்ன பொருள் என்று கேளுங்கள். சொல்லித்தருவதில் அவர்களுக்கும் மகிழ்ச்சி. சில நாள் சலித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

அந்த அம்மையார் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்தார். கணவர் அன்றும் பணியில் இருந்தார். ஆசிரியை மகளைக் காட்டி, 'ஷீ ஈஸ் பிக்கிங் அப்' என்றாராம். மகள் எதையோ எடுத்துவிட்டாள், திருட்டுப்பழி வந்துவிட்டது என்று ஒரு கணம் அம்மையாருக்குக் குலை நடுங்கிற்று. ஆயினும் நின்று, 'சாரி மிஸ், ஐ டிடின்ட் கேட்ச் தட்' என்றார். ஆசிரியை, 'இம்ப்ரூவிங், இம்ப்ரூவிங்' என்று கையை மேலே உயர்த்திக் காட்டிச் சிரித்தாராம். வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் ஒன்றும் பேசவில்லை என்று அம்மையார் சொன்னார். இப்பொழுதும் கணக்குப் பாடத்துக்கு டீச்சரைப் பார்க்க அப்பாவைத்தான் அழைக்கிறாளாம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலக அறையில் வகுப்பு உண்டு. மருத்துவமனையில் காதில் விழும் தொடர்களை எடுத்துக்கொள்ள இருக்கிறோம். வேறெங்கேனும் நீங்கள் கேட்டு, விளங்காமல், கேட்கவும் கூசி விட்டுவிட்ட தொடர் ஏதேனும் இருந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். பாய் சங்கத்திலேயே இருக்கிறது.